அழுத்தினால் விழிக்கும் இரும்பு

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி ஒருத்தி எழுதியது)



சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறையில் என் அம்மாச்சிக்கு முதுகுவலி அதிகமாகி, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க அழைத்துச் சென்றோம். அறைக்குள் நுழையுமுன் அங்கிருந்த ஊழியர், "கொண்டை ஊசி, ஊக்கு, சாவி, இரும்பு எதுவும் உள்ளே வரக்கூடாது" என்றார். அம்மாச்சியின் கொண்டையிலிருந்து ஒன்பது ஊசிகளை எண்ணி எடுத்து என் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். "இரும்பென்றால் இந்த மிஷினுக்கு அப்படி என்ன பகை?" என்று அம்மாச்சி கேட்டார்கள். உள்ளே இருப்பது மிகவும் வலிமை வாய்ந்த காந்தம் என்றும், அது இரவும் பகலும் அணைவதே இல்லை என்றும், ஊசியைக்கூடப் பறக்கச் செய்து இழுத்துவிடும் என்றும் ஊழியர் விளக்கினார்.

அணையாத காந்தமா? அது எப்படி என்ற கேள்வி என்னை விடவில்லை. விடுமுறை முடிந்ததும் எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் கேட்டேன். அவர்கள் சொன்ன ஒரே சொல் 'மீக்கடத்தி'. அந்தச் சொல்லைப் பின்தொடர்ந்து போன நான், இரும்பும் மீக்கடத்தியாகும் என்பதையும், அதை அழுத்தினால் வியப்புகள் பல நிகழும் என்பதையும் அறிந்தேன். நடுவில் ஒரு பெரிய தவறும் செய்தேன். அதையும் ஒளிக்காமல் இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

மீக்கடத்தி என்பது யாது?

செம்புக் கம்பியில் மின்சாரம் ஓடும்போது கம்பி சூடாகிறது. ஓடும் எலக்ட்ரான்கள், வழியில் அதிர்ந்துகொண்டிருக்கும் அணுக்களோடு மோதி ஆற்றலை இழக்கின்றன. இதுவே மின்தடை. இஸ்திரிப் பெட்டிக்கு இது நன்மை. தொலைதூரம் மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பிகளுக்கு இது நஷ்டம்.

1911-ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் என்ற அறிஞர், பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிரவைத்தார். 4.2 கெல்வினில், அதாவது மைனஸ் 269 டிகிரி சென்டிகிரேடில், பாதரசத்தின் மின்தடை திடீரென்று மறைந்துவிட்டது. குறைந்தது என்று சொல்லவில்லை; மறைந்தது! அத்தகைய கம்பியை வளையமாக்கி ஒருமுறை மின்னோட்டம் செலுத்தினால், குளிர் இருக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்கேன் இயந்திரத்தின் காந்தம் அணையாததற்குக் காரணம் இதுவே. அதனுள் நியோபியமும் டைட்டானியமும் கலந்த கம்பிச் சுருள் திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்படுகிறது.

(கெல்வின் என்பது வெப்பநிலையை அளக்கும் அலகு. அதன் சுழி மைனஸ் 273 டிகிரி சென்டிகிரேடு. அதற்குக் கீழே குளிர் இல்லை. நம் அறையின் வெப்பநிலை ஏறக்குறைய 300 கெல்வின்.)

எந்த வெப்பநிலையில் ஒரு பொருள் மீக்கடத்தியாக மாறுகிறதோ, அதை 'மாறுநிலை வெப்பநிலை' என்பர். இந்த எண் உயர உயர, குளிர்விக்கும் செலவு குறையும். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்கள் இந்த எண்ணை உயர்த்தத்தான் பாடுபடுகிறார்கள்.

பகைவனே நண்பனான கதை

1957-ஆம் ஆண்டு பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் என்ற மூன்று அமெரிக்க அறிஞர்கள், மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் தனித்தனியாக ஓடாமல் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து ஓடுகின்றன என்று விளக்கினார்கள். அதற்காக 1972-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். இந்தச் சோடியைப் பிரிக்கும் வல்லமை காந்தத்திற்கு உண்டு. சாதாரண மீக்கடத்தி ஒன்றில் சில இரும்பணுக்கள் கலந்தாலே அதன் குணம் கெட்டுவிடும். ஆகவே இரும்பு மீக்கடத்தலுக்குப் பகை என்றே எல்லாரும் எண்ணியிருந்தார்கள்.

2001-ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர்கள் தூய இரும்பை மிகக் கடுமையாக அழுத்தினார்கள். அழுத்தத்தில் இரும்பின் அணுக்கள் வேறுவகையாக அடுக்கப்பட்டு, அதன் காந்தக் குணம் அழிந்தது. அப்போது 2 கெல்வினுக்கும் கீழே அதே இரும்பு மீக்கடத்தியாகிவிட்டது! பகை இரும்பிடம் இல்லை, அதன் காந்தக் குணத்திடமே இருந்தது என்று இதனால் தெரிந்தது.

அடுத்த வியப்பு, அந்நாளில் டோக்கியோ தொழில்நுட்பக் கழகம் என்று வழங்கிய நிலையத்தில் நிகழ்ந்தது. ஹிதேயோ ஹோசோனோ என்ற பேராசிரியரின் குழுவினர் மீக்கடத்தியைத் தேடிப் போகவில்லை. புதுவகைக் குறைகடத்திகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 2006-இல் இரும்பும் பாஸ்பரஸும் அடங்கிய ஒரு சேர்மம் 4 கெல்வின் அளவில் மீக்கடத்தியாவதைக் கண்டார்கள். 2008-ஆம் ஆண்டு பிப்ரவரியில், லாந்தனம், இரும்பு, ஆர்சனிக், ஆக்சிஜன் ஆகியவை அடங்கிய சேர்மத்தில் சிறிது புளூரினைப் புகுத்தியபோது, அந்த எண் 26 கெல்வினுக்கு உயர்ந்ததாக அறிவித்தார்கள். இரும்பில் 26 கெல்வின்! உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பரபரப்பு உண்டாயிற்று.

அதே ஆண்டில், நிஹோன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோகி தகாஹாஷி, ஹோசோனோவின் குழுவோடு கூடி, அதே பொருளை அழுத்திப் பார்த்தார். ஏறத்தாழ 4 கிகாபாஸ்கல் அழுத்தத்தில் மாறுநிலை வெப்பநிலை 26-இலிருந்து 43 கெல்வினுக்கு ஏறியது. புதிதாக எதையும் சேர்க்கவில்லை, எதையும் நீக்கவில்லை. அழுத்தியது ஒன்றே செய்த வேலை.

எவ்வளவு அழுத்தம்?

கிகாபாஸ்கல் என்றால் எவ்வளவு என்று நீங்கள் கேட்பீர்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை 1 என்று கொள்வோம். சாதம் வேகும் குக்கருக்குள் ஏறக்குறைய 2. உலகிலேயே மிக ஆழமான கடற்பகுதியாகிய மரியானா அகழியின் அடியில் ஏறக்குறைய 1,100. ஒரு கிகாபாஸ்கல் என்பதோ ஏறக்குறைய 10,000! ஒரு சதுர மில்லிமீட்டர் இடத்தில், அதாவது ஒரு கடுகளவு இடத்தில், 100 கிலோ எடையை ஏற்றிவைப்பதற்கு இது சமம்.

இத்தகைய அழுத்தத்தை உண்டாக்கப் பெரிய தொழிற்சாலை வேண்டுமோ என்று நான் நினைத்தேன். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கருவி போதுமாம்! அதன் பெயர் வைரப் பட்டடைக் கலம். கொல்லன் பட்டடையைப் போல இரண்டு வைரங்கள் முனையோடு முனை பார்த்து நிற்கும். அவற்றின் நடுவே ஓர் உலோகத் தகடு. தகட்டில் ஒரு சிறு துளை. அந்தத் துளைக்குள் ஆராய வேண்டிய படிகத் துணுக்கை வைத்து, எண்ணெய் அல்லது ஹீலியம் போன்ற ஒன்றால் நிரப்பி, திருகாணிகளை முறுக்குவார்கள். வைரத்தின் முனை அரை மில்லிமீட்டர் அகலமே என்றால், அதன் பரப்பு ஏறக்குறைய 0.2 சதுர மில்லிமீட்டர். 9 கிகாபாஸ்கல் அழுத்தம் பெற அதன்மேல் 180 கிலோ எடையின் விசை போதும். நம் வகுப்பு மாணவியர் நால்வரின் எடைதான் அது! விசை பெரிதல்ல, விழும் இடம் சிறிது. பட்டன் காலணியைவிடக் கூர்குதிகால் காலணி மிதித்தால் அதிகம் வலிப்பதும் இதனால்தான்.

இக்கருவி 1958-ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசியத் தர நிலையத்தில் உருவாயிற்று. விலையுயர்ந்த வைரத்திற்கு அவர்கள் எங்கே போனார்கள் தெரியுமா? கடத்தல்காரர்களிடமிருந்து அரசாங்கம் பறிமுதல் செய்த வைரங்களை வாங்கிப் பயன்படுத்தினார்கள்! வைரம் ஒளி புகும் பொருளாதலால், அழுந்தும் பொருளை வெளியிலிருந்தே காணலாம். அழுத்தத்தை அளக்க, உள்ளே ஒரு மாணிக்கத் துகளை வைப்பார்கள். ஒளிக்கதிர் பட்டதும் மாணிக்கம் சிவப்பாய் ஒளிரும். அழுத்தம் கூடக்கூட அந்தச் சிவப்பின் அலைநீளம் சிறிது சிறிதாக நகரும். நகர்ந்த அளவைக் கொண்டு அழுத்தத்தைக் கணக்கிடுவார்கள். நகைக்கடையில் மட்டுமே நாம் பார்க்கும் இரு கற்கள் இப்படி உழைக்கின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நான் வரைந்த நேர்கோடு

இனி என் தவற்றைச் சொல்கிறேன்.

இரும்பு மீக்கடத்திகளுள் மிக எளியது இரும்பு செலினைடு. இரும்பும் செலினியமும் மட்டுமே அதில் உண்டு. 2008-இல் தைவான் நாட்டில் மாவ்-குவென் வூ என்பவரின் குழு, இது ஏறக்குறைய 8 கெல்வினில் மீக்கடத்தியாவதைக் கண்டது. அதே ஆண்டு ஜப்பானின் சுகுபா நகரத்து அறிஞர்கள் அதை 1.48 கிகாபாஸ்கல் அழுத்தியபோது, 27 கெல்வினிலேயே மீக்கடத்தல் தலைகாட்டத் தொடங்கியது. மூன்று மடங்குக்கும் மேல் உயர்வு!

எங்கள் அறிவியல் மன்றக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. பெரிய வரைபடத் தாளில் கிடையாக அழுத்தத்தையும் செங்குத்தாக வெப்பநிலையையும் குறித்து, இரண்டு புள்ளிகள் வைத்தேன். அளவுகோலால் அவற்றை இணைத்துக் கோட்டை மேலே நீட்டினேன். கணக்கும் போட்டேன். ஒரு கிகாபாஸ்கலுக்கு ஏறக்குறைய 12.8 கெல்வின் உயர்வு. அப்படியானால் 23 கிகாபாஸ்கலில் 303 கெல்வின், அதாவது 30 டிகிரி சென்டிகிரேடு! "ஆகவே தோழியரே, 23 கிகாபாஸ்கல் அழுத்தினால் நம் வகுப்பறையின் சூட்டிலேயே இரும்பு செலினைடு மீக்கடத்தியாகிவிடும்!" என்று முழங்கினேன். கைதட்டல் பலமாக இருந்தது.

சிஸ்டர் மட்டும் கைதட்டவில்லை. "எத்தனை புள்ளிகளை வைத்துக் கோடு போட்டாய்?" என்று கேட்டார்கள். "இரண்டு, சிஸ்டர்" என்றேன். "எந்த இரண்டு புள்ளிகளை வைத்தாலும் அவற்றின் வழியாக ஒரு நேர்கோடு போகும். அது கோட்டின் குணம். உன் இரும்பின் குணம் அதுதான் என்று யார் சொன்னது? மூன்றாவது புள்ளியைத் தேடிக்கொண்டு வா" என்றார்கள். என் முகம் சுருங்கிப் போயிற்று. அன்று மாலை வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது அழுதுவிட்டேன்.

கோடு அல்ல, குன்று

மூன்றாவது புள்ளியைத் தேடினேன். கிடைத்தது. 2009-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து அறிஞர்களும் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து அறிஞர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு அது. இரும்பு செலினைடின் மாறுநிலை வெப்பநிலை 8.9 கிகாபாஸ்கலில் 36.7 கெல்வின். என் கோட்டின்படி அங்கே 122 இருந்திருக்க வேண்டும்! அதற்கு மேல் அழுத்தினாலோ, எண் ஏறவில்லை, இறங்கியது. 7 கிகாபாஸ்கல் அளவிலேயே படிகத்தின் அடுக்கு மெல்ல மெல்ல மாறத் தொடங்கி, 38 கிகாபாஸ்கலில் முற்றிலும் வேறோர் அறுகோண அமைப்பாக ஆகிவிடுகிறது. அந்த அமைப்பு மீக்கடத்தியே அல்ல.

ஆகவே நான் நேர்கோடு என்று நினைத்தது உண்மையில் ஒரு குன்று. அதற்கு ஏற்றம் உண்டு, உச்சி உண்டு, இறக்கமும் உண்டு. நான் ஏற்றத்தில் நின்றுகொண்டு வானம்வரை படி இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். தகாஹாஷி ஆராய்ந்த லாந்தனச் சேர்மமும் அப்படியே. 43 கெல்வினைத் தொட்டபின் அதுவும் இறங்குகிறது.

உள்ளே நடப்பது என்ன?

இட்லிக் கொப்பரையின் தட்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். இரும்பு மீக்கடத்தியின் படிகமும் அப்படி அடுக்கடுக்கானது. ஒவ்வொரு தட்டிலும் இரும்பணுக்கள் சதுரக் கட்டங்களாக அமர்ந்திருக்கும். அவற்றுக்குச் சற்று மேலேயும் சற்றுக் கீழேயும் மாறிமாறிச் செலினியம் அல்லது ஆர்சனிக் அணுக்கள் இருக்கும். மின்னோட்டம் இந்தத் தட்டுகளில்தான் ஓடுகிறது. அழுத்தம் இங்கே மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, தட்டுகளை நெருங்கவைக்கிறது. இரும்பு செலினைடில் தட்டுகளுக்கிடையே வேறு அணுக்கள் இல்லாததால் அவை எளிதில் நெருங்குகின்றன.

இரண்டாவது, இரும்புத் தட்டிலிருந்து செலினியம் நிற்கும் உயரத்தை மாற்றுகிறது. பல இரும்பு மீக்கடத்திகளை ஒப்பிட்டுப் பார்த்த ஜப்பானிய அறிஞர்கள், இந்த உயரம் 1.38 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்கும்போது மாறுநிலை வெப்பநிலை மிக அதிகமாக இருப்பதை 2010-இல் எடுத்துக்காட்டினார்கள். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக்கோடியில் ஒரு பங்கு! இரும்பு செலினைடில் இந்த உயரம் சாதாரணமாக அதைவிட அதிகம். அழுத்தினால் அது தாழ்ந்து, நல்ல அளவை நெருங்குகிறது.

மூன்றாவது, இரும்பின் காந்தக் குணத்தை மாற்றுகிறது. பேரியம், இரும்பு, ஆர்சனிக் சேர்ந்த ஒரு சேர்மம் உண்டு. அது ஏறக்குறைய 140 கெல்வினுக்குக் கீழே காந்த ஒழுங்கு பெறுகிறது. அணிவகுப்பில் ஒரு வரிசை வடக்கேயும் அடுத்த வரிசை தெற்கேயும் பார்த்து நிற்பதுபோல இரும்பணுக்களின் காந்தங்கள் நிற்கும். அந்த ஒழுங்கு இருக்கும்வரை மீக்கடத்தல் இல்லை. அழுத்தினால் ஒழுங்கு தளர்கிறது. தளரும் இடத்தில் மீக்கடத்தல் தோன்றி, 29 கெல்வின் வரை உயர்வதாக 2009-இல் கண்டார்கள்.

இரும்பு செலினைடின் கதை இன்னும் விந்தையானது. சாதாரண நிலையில் அதில் காந்த ஒழுங்கே இல்லை. சிறிது அழுத்தினால் காந்த ஒழுங்கு புதிதாகத் தோன்றுகிறது. மேலும் அழுத்தினால், 6 கிகாபாஸ்கல் அளவில் அது மறைகிறது. அது மறையும் அந்த இடத்திலேயே மாறுநிலை வெப்பநிலை 38 கெல்வினாகிறது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. காந்த ஒழுங்கு உறுதியாக இருந்தால் மீக்கடத்தலுக்குக் கேடு. அது குலையும் எல்லையில் எஞ்சியிருக்கும் காந்தத் துடிப்புகளே எலக்ட்ரான்களைச் சோடி சேர்க்கின்றன என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். இது இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை.

எல்லாப் பக்கமும் ஒரே சீராக

எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப்போலவே, எப்படி அழுத்துகிறோம் என்பதும் முக்கியம். பேரியத்திற்குப் பதிலாகக் கால்சியம் உள்ள சேர்மத்தை 2008-இல் அழுத்தியவர்கள், 12 கெல்வின் அளவில் மீக்கடத்தல் தோன்றியதாகக் கண்டார்கள். அவர்கள் படிகத்தைச் சுற்றி நிரப்பிய திரவம் குளிரில் உறைந்து கட்டியாகிவிடும். கட்டியான பொருள் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தாது. 2009-இல் வேறு அறிஞர்கள் ஹீலியத்தை நிரப்பி, எல்லாத் திசையிலும் சீராக அழுத்தினார்கள். மீக்கடத்தல் தோன்றவே இல்லை! ஏறக்குறைய 0.35 கிகாபாஸ்கலில் படிகம் ஒரே அடியாகச் சரிந்து, அதன் உயரம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. முன்னவர்கள் கண்டது, சீரற்ற அழுத்தத்தால் படிகத்தின் ஒரு பகுதி சரியாமல் நின்றதன் விளைவு. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அழுத்தும் விதம் மாறியதும் விடையே மாறிவிட்டது.

மறைந்தது மீண்டும் வந்தது

குன்றின் மறுபக்கம் இறங்கினால் எல்லாம் முடிந்தது என்றும் எண்ணிவிடக்கூடாது. பெய்ஜிங் இயற்பியல் கழகத்தைச் சேர்ந்த சுன் லிலிங் என்ற பெண் அறிஞரும் அவருடைய குழுவினரும், பொட்டாசியம் கலந்த இரும்பு செலினைடை அழுத்தினார்கள். தொடக்கத்தில் 32 கெல்வினாக இருந்த எண், அழுத்த அழுத்தக் குறைந்து, 10 கிகாபாஸ்கல் அளவில் மீக்கடத்தல் அடியோடு மறைந்தது. பலர் அத்தோடு கருவியை மூடிவைத்திருப்பார்கள். அவர்கள் இன்னும் சிறிது முறுக்கினார்கள். 11.5 கிகாபாஸ்கலுக்கு மேல் மீக்கடத்தல் மீண்டும் தோன்றியது. அதுவும் 48 கெல்வினில்! இரண்டாவது குன்று முதலாவதைவிட உயரம். இது 2012-இல் வெளியாயிற்று. என் வரைபடத்தில் இந்த இரண்டாவது குன்றைச் சிவப்பு மையால் குறித்திருக்கிறேன்.

அழுத்தம் ஓர் ஆசிரியர்

இரு வைரங்களுக்கு நடுவே ஒரு துகளை அழுத்திவைப்பதால் யாருக்கு என்ன பயன்? அதைக்கொண்டு கம்பி செய்ய முடியுமா? இப்படி அப்பா கேட்டார்கள். நல்ல கேள்விதான்.

பயன் இதுவே: அழுத்தம் வழி காட்டுகிறது. 1986-இல் சுவிட்சர்லாந்தில் பெட்னார்ஸ், முல்லர் என்ற இருவர் செம்பு ஆக்சைடில் உயர்வெப்ப மீக்கடத்தலைக் கண்டார்கள். அமெரிக்காவில் இருந்த பால் சூ என்பவர் அந்தப் பொருளை அழுத்தினார். எண் விரைவாக உயர்ந்தது. அணுக்கள் நெருங்குவதால் நன்மை என்றால், வெளியிலிருந்து அழுத்துவதற்குப் பதிலாக உள்ளேயே சிறிய அணுவைப் பொருத்தினால் என்ன என்று அவர் சிந்தித்தார். பெரிய லாந்தனத்தை எடுத்துவிட்டுச் சிறிய இட்ரியத்தை வைத்தார்கள். 1987-இல் 93 கெல்வின் கிடைத்தது! விலை மலிந்த திரவ நைட்ரஜனின் 77 கெல்வினையும் அது தாண்டிவிட்டது. இதற்கு 'வேதி அழுத்தம்' என்று பெயர்.

2008-இல் இரும்பிலும் இதே வழியில் சென்றார்கள். அழுத்தத்தில் 43 கெல்வின் என்று கண்டபின், பெய்ஜிங்கில் லாந்தனத்திற்குப் பதிலாகச் சிறிய சமாரியத்தை வைத்தார்கள். வைரமும் திருகாணியும் இல்லாமலே 55 கெல்வின் கிடைத்தது. சதுரக் கட்டம் சுருங்கும்போது ஆர்சனிக் அணு சற்று மேலே எழும்பி, இரும்பைச் சூழ்ந்த நான்முகி ஒழுங்கான வடிவத்தை நெருங்குகிறது. அதுவே நன்மைக்குக் காரணம் என்று கருதப்படுகிறது. ஆசிரியர் காட்டிய திசையில் மாணவர் அவரையும் தாண்டிப் போனதுபோல் இது.

இரும்புச் சேர்மங்களின் மற்றொரு சிறப்பு, மிக வலிய காந்தப் புலத்திலும் அவை மீக்கடத்தலை எளிதில் இழப்பதில்லை என்பது. 2016-இல் சீன அறிஞர்கள் இத்தகைய பொருளின் பொடியை வெள்ளிக் குழாயில் அடைத்து இழுத்து, 100 மீட்டர் நீளக் கம்பியே செய்துவிட்டார்கள்.

இன்னொரு முயற்சியும் நடக்கிறது. பூமிக்குள் அழுத்தத்தில் பிறந்த வைரம், மேலே வந்தபின்பும் வைரமாகவே இருக்கிறதல்லவா? அதுபோல, அழுத்தத்தில் கிடைத்த மீக்கடத்தலை, அழுத்தத்தை நீக்கியபின்பும் நிலைக்கச் செய்யமுடியுமா? அதே பால் சூவின் குழு, இரும்பு செலினைடைக் கடுங்குளிரில் அழுத்தி, அழுத்தத்தைச் சட்டென்று விடுவித்தது. 37 கெல்வின் மீக்கடத்தல் அழுத்தமில்லாமலே நிலைத்ததாக 2021-இல் அறிவித்தார்கள். 1987-இல் அழுத்தத்திடம் பாடம் கேட்டவர், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்!

முடிவாக

அறிவியல் மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் மீண்டும் பேச அனுமதி கேட்டேன். முதலில், "சென்ற முறை நான் சொன்னது தவறு" என்றேன். அதைச் சொல்லக் கால்கள் நடுங்கின. சொன்னபின் மனம் லேசாகிவிட்டது. பிறகு பழைய நேர்கோட்டை அழிக்காமல் விட்டு, அதன் கீழேயே குன்றை வரைந்துகாட்டினேன். இம்முறை கைதட்டல் குறைவுதான். ஆனால் சிஸ்டர் கைதட்டினார்கள்.

இவ்வாண்டு அரசுப் பொதுத்தேர்வு எழுதும் நாங்கள் 'அழுத்தம்' என்ற சொல்லை அடிக்கடி கேட்கிறோம். அழுத்தம் கூடாது என்போரும் உண்டு. இன்னும் அழுத்தினால்தான் மதிப்பெண் வரும் என்போரும் உண்டு. படிகமும் மாணவியும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்ள ஆசை. இரும்பு செலினைடுக்கே 9-இல் நன்மையும் 38-இல் கேடும் உண்டு. ஒரே பக்கமாக அழுத்துவதற்கும் எல்லாப் பக்கமும் தாங்கி அழுத்துவதற்கும் வேறுபாடு உண்டு.

வீட்டில் அம்மாச்சியிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்படியானால் இரும்புக்கும் அந்த மிஷினுக்கும் சமாதானம் ஆகிவிட்டதா?" என்றார்கள். "இன்னும் இல்லை அம்மாச்சி. பேச்சு நடந்துகொண்டிருக்கிறது" என்றேன். சிரித்துக்கொண்டே கொண்டை ஊசிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எண்ணிப் பார்த்தோம், ஒன்பதும் இருந்தன.

தோழியரே! என் வரைபடம் அறிவியல் ஆய்வுக்கூடத்தின் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. அதில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது. புதிய புள்ளி கிடைத்தால் வந்து குறித்துவிட்டுப் போங்கள். அளவுகோலை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள்!